துடைப்பம், பிளீச், நான்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்.

முதலாளி. கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கார் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

நோரா. கப்பல் பத்திரங்களைப் பார்க்கும் மலாய்ப் பெண். போனைக் காதில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குமார். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் மோட்டாரில் ஓடுகிற ரன்னர். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கணக்கு பார்க்கும் அக்கா. சில்லறைப் பணம் வைக்கும் டின் அவர் மடியில் இருந்தது.

கடைசியாக நான். கூட்டித் துடைக்கிறவள்.

மேசைமேல் ஒரு வவுச்சர். முதலாளி பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுத மாட்டேன். இப்போது வேறு ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அங்கேயும் ஒரு முதலாளி இருப்பார்.

எங்கள் அலுவலகம் கிள்ளானில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கை லோரியில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் வேலை. அக்கா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருவார். காலையில் ஊரே கொமுட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூருக்குப் போகும். அவர் எதிர்ப்பக்கம் வருவார்.

"உக்கார எடம் கெடைக்கும் அக்கா" என்பார்.

நான் அவரை அக்கா என்பேன். அவரும் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

யார் என்ன வாங்கி வந்தாலும் ரெசிட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "இது என்ன?" என்பார். ரெசிட்டில் எழுதியிருக்கும். இருந்தாலும் கேட்பார். பேனா என்றால் யாருக்கு. பூட்டு என்றால் எந்தக் கதவுக்கு. பெட்ரோல் ரெசிட் இரண்டு மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும் என்று, வந்த அன்றைக்கே நகல் எடுத்து வைப்பார். நகல் எடுக்கும் தாள் எந்தக் கணக்கு என்று குமார் ஒருநாள் கேட்டான். எழுதுபொருள் என்றார். சிரிக்கவில்லை.

அவர் வருவதற்கு முன் கம்ப்யூட்டரில் சண்ட்ரி என்று ஒரு கணக்கு இருந்ததாம். எதிலும் சேராத சின்னச் செலவை எல்லாம் அதில் போட்டுவிடலாம். பழைய கிளார்க் பாதிச் செலவை அதில்தான் போட்டிருந்தான். இவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு அந்தக் கணக்கையே மூடிவிட்டார்.

"சண்ட்ரி எங்க?" என்று முதலாளி கேட்டார்.

"அது குப்பத்தொட்டி பாஸ். குப்பைய அக்கா பாத்துக்குவாங்க. கணக்குல எதுக்கு?"

அன்றைக்குத்தான் நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாசாருக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வருவது என் வேலை. பத்துப் பழம். முதல் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டார்.

"இது என்ன?"

"எலுமிச்சம்பழம்."

"தெரியுது. எங்க போச்சு?"

"நாலு லோரி டயருக்கு அடியில வெச்சாச்சு. ரெண்டு வாசல்ல வெட்டி வெச்சேன். மிச்சத்தப் புழிஞ்சு எல்லாரும் குடிச்சீங்க."

எழுதிக்கொண்டார். நான்கு பழம் லோரிப் பராமரிப்பு. இரண்டு பழம் பூஜை. நான்கு பழம் பணியாளர் நலன்.

குமார் எட்டிப் பார்த்தான். "அக்கா, டயருக்கு அடியில நசுங்குனத எடுத்து ஜூஸ் போட்டுக் குடிச்சா எதுல எழுதுவீங்க?"

"மருத்துவச் செலவு" என்றார்.

நோராவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அவள்தான் முதலில் சிரித்தாள்.

முதலாளி ஒருமுறை மீன்தொட்டி வாங்கி வந்தார். பெரியது. உள்ளே ஒரே ஒரு சிவப்பு மீன், ராசியானது என்றார். மீனின் விலையில் என் வீட்டு வாடகையைப் பல மாதம் கட்டலாம். அக்கா ரெசிட்டை வாங்கிப் பார்த்தார். மீன் கடைக்குப் போன் போட்டார்.

"தம்பி, இந்த மீன் எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்?"

இருபது வருடம் என்றான் அவன். போனை வைத்துவிட்டு, "அப்ப சொத்து" என்றார். தொட்டி தளவாடம். மீனுக்குப் போடும் புழு பராமரிப்பு. முதலாளிக்குச் சந்தோஷம். வருகிறவர்களிடம் எல்லாம் மீன் கம்பெனிச் சொத்து என்று சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொட்டி செமினியில் அவர் புதிதாக வாங்கிய வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் அக்கா தொட்டி, மீன், புழு மூன்றையும் முதலாளியின் சொந்தக் கணக்குக்கு மாற்றி, கம்பெனிக்கு அவர் தர வேண்டிய பணம் என்று எழுதி வைத்தார்.

"மீன் கம்பெனிக்கு ராசி லா" என்றார் முதலாளி.

"ராசி வீட்டுக்குப் போயிடுச்சு பாஸ். கணக்கும் பின்னாலயே போயிடுச்சு."

முதலாளி பல்லைக் கடித்தார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. வருடக் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுக்கும்போது அக்கா எழுதிய கணக்கில் ஒரு கேள்வியும் வந்ததில்லை. அது முதலாளிக்குப் பிடித்திருந்தது.

நல்லவராக மட்டும் எழுதிவிட முடியாது. குமார் விஷயத்தில் அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. குமாரின் பிள்ளைக்குக் காய்ச்சல். டின்னிலிருந்து இருபது ரிங்கிட் எடுத்து மருந்து வாங்கிவிட்டான். பார்க்கிங் என்று எழுதிக் கொடுத்தான்.

"எந்த பார்க்கிங்?"

"துறைமுகத்துல அக்கா."

"அங்க மோட்டாருக்கு பார்க்கிங் காசு கெடையாது."

அவன் முகம் செத்துவிட்டது. உண்மையைச் சொன்னான். அவர் அந்த இருபதை முன்பணம் என்று எழுதி, மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தார். நான் போய்க் கேட்டேன். பிள்ளை மருந்துக்கு இப்படிச் செய்யலாமா என்று.

"மருந்துன்னு சொல்லியிருந்தா மருத்துவத்துல போட்டிருப்பேன். கம்பெனி குடுத்திருக்கும். பார்க்கிங்னு சொன்னான்."

"பயந்துட்டான்."

"பயத்துக்கு என்கிட்ட கணக்கு இல்ல அக்கா."

ஒரு வாரம் நான் அவருக்குக் கோப்பி கலக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தானே கலக்கிக் குடித்தார்.

பிறகு நான் மாடிப்படியில் விழுந்தேன். மழைநாள். கையில் வாளி. மணிக்கட்டு வீங்கிவிட்டது. குமார்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். எண்பத்தைந்து ரிங்கிட். ரெசிட்டைக் கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்தேன்.

அவர் "இது என்ன?" என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில் மேலே போனார், கீழே வந்தார். மறுபடியும் மேலே போனார்.

"அக்கா, உங்கள அனுப்புன ஏஜென்சி பேரு என்ன?"

"என்ன ஏஜென்சி?"

"கிளீனிங் ஏஜென்சி."

"ஏஜென்சி எல்லாம் இல்ல. பாஸ்தான் கூப்பிட்டாரு. ஒம்பது வருஷமாச்சு."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். மாதா மாதம் முதலாளியே டின்னிலிருந்து ஆயிரத்து நூறு ரிங்கிட் எடுத்து உறையில் போட்டு எனக்குக் கொடுப்பார். நான் வவுச்சரில் கையெழுத்துப் போடுவேன். வவுச்சரில் கிளீனிங் என்று ஒரு சொல் இருக்கும். அக்கா வந்த முதல் மாதம் இது என்ன என்று கேட்டிருக்கிறார். கிளீனிங் என்றார் முதலாளி. பதில் கிடைத்துவிட்டது என்று அக்கா எழுதிவிட்டார். வெளி ஏஜென்சிக்குப் போகும் பணம் என்று நினைத்துக்கொண்டார். துடைப்பம், பிளீச், தரை துடைக்கும் துணி, அதே வரிசையில் நான். ஊழியர் என்ற பெயர் எனக்கு எங்கேயும் இல்லை. சேமநிதி இல்லை. விபத்துக்குக் காப்புறுதி இல்லை.

"ரெண்டு வருஷமா நானே என் கையால உங்கள பிளீச்சோட போட்டிருக்கேன்" என்றார்.

அன்றைக்கு ஸ்டேஷனில் வாங்கி வந்த பன்னை அவர் பிரிக்கவே இல்லை. சாயங்காலம் அப்படியே பையில் இருந்தது.

மறுநாள் அக்கா முதலாளியின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. அவர் சாத்த மாட்டார்.

"கிளினிக் பில்ல கிளீனிங்ல போட முடியாது பாஸ். தொடப்பம் கிளினிக்குக்குப் போகாது. அக்காவ சம்பள லிஸ்ட்ல ஏத்தணும். குறைஞ்சபட்ச சம்பளம் ஆயிரத்து ஐநூறு. சேமநிதிக்கு ரெண்டு பங்கும் சேத்து மாசம் முந்நூத்து அறுவது கட்டணும்."

"அவ்வளவு குடுத்து எதுக்கு ஆள் வெக்கணும்? உண்மையிலேயே ஏஜென்சில ஆள் எடுத்துக்குவேன். வாரம் ரெண்டு தடவ வந்து துடைச்சிட்டுப் போவான்."

நான் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

அக்கா வெளியே வந்ததும் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

"என் பொழப்புல ஏன் கைய வெக்கிறீங்க? நான் கேட்டேனா?"

"கேக்கல."

"மாசம் பொறந்தா ஆயிரத்து நூறு வருது. அதுவும் போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப விட்டுடுங்க."

அவர் குழாயை மூடினார். நான் திறந்தே வைத்திருந்தேன் போலிருக்கிறது.

"அக்கா, உங்களுக்கு அறுவது வயசானா பிளீச்சுக்கு யாரும் காசு தர மாட்டாங்க. தீந்த போத்தல என்ன பண்ணுவீங்க, நீங்களே சொல்லுங்க."

நான் ஈரக் கையைத் துணியில் துடைத்தேன்.

"நான் கத்தலாம். கதவத் தட்டலாம். ஆனா அந்த வவுச்சர்ல இருக்கிற கையெழுத்து உங்களோடது. அத நான் போடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது."

அதோடு விட்டுவிட்டார். அந்த மாதம் முழுவதும் இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் யோசித்தேன். மணிக்கட்டு வலிக்கும்போது கூடுதலாக யோசித்தேன்.

மாதக் கடைசியில் முதலாளி காலையிலேயே உறையைக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் வாடகையைக் கட்டிவிட்டேன். மாலையில் டின்னை எண்ணும் நேரம். எல்லாரும் அறையில் இருந்தோம். வவுச்சரை இந்த முறை முதலாளியே எழுதியிருந்தார். இனிமேல் கேள்வியே வரக்கூடாது என்று நன்றாக விரித்து எழுதியிருந்தார். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். எழுத்துக் கூட்டினேன். கிளீனிங் மெட்டீரியல்.

"ஒப்பம் போடு" என்றார்.

"இது என்ன பாஸ்?"

"எப்பவும் போடறதுதான்."

"மெட்டீரியல்னு எழுதியிருக்கு."

"அதுக்கென்ன இப்ப?"

"நான் மெட்டீரியல் இல்ல."

நோரா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"காச வாங்கிட்ட இல்ல?"

"வாங்கினேன். வேலைக்கு வாங்கினேன். அப்படி எழுதிக் குடுங்க, போடறேன்."

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல பாஸ். நான் சொல்லிக் குடுத்திருந்தா இவ்வளவு சுருக்கமா இருக்காது."

குமார் ஹெல்மெட்டுக்குள் இருமினான்.

"சரி, அந்தப் பணத்த சண்ட்ரில போடு."

"சண்ட்ரி இல்ல."

"தெற."

"எதுக்குத் தெறக்கணும்? பணம் வாங்குனவங்க முன்னால நிக்கிறாங்க. பேரு இருக்கு. அடையாளக் கார்டு இருக்கு."

முதலாளி பேனாவை மேசையில் போட்டார். உருண்டு கீழே விழுந்தது. தரையில் கிடப்பதை எடுப்பது என் வேலைதான். எடுக்கவில்லை.

அந்த டின்னின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டின்னில் எப்போதும் மூவாயிரம் இருக்க வேண்டும். செலவானால் அதற்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்க வேண்டும். பணத்தையும் காகிதத்தையும் கூட்டினால் கணக்கு நேராக வரவேண்டும். வந்தால்தான் அக்கா செக் தயார் செய்வார், டின் மறுபடியும் நிரம்பும். இப்போது ஆயிரத்து நூறுக்குக் காகிதம் இல்லை. அக்கா செக் தயார் செய்யவில்லை. டின்னில் ஐம்பது சொச்சம்தான் மிச்சம். மூடிப் பூட்டினார்.

அடுத்த நாள் சீனி தீர்ந்தது. அதற்கடுத்து கோப்பித்தூள்.

"கோப்பி டா ஹபிஸ், அக்கா" என்றாள் நோரா.

தீர்ந்தது எனக்கும் தெரியும். "துங்கு" என்றேன். காத்திரு என்று. அவள் தலையாட்டிவிட்டு வெந்நீர் குடித்தாள்.

பிரிண்டருக்கு மை இல்லை. லோரி டோல் கார்டில் பணம் இல்லை. குமார் இரண்டு நாள் சொந்தக் காசு போட்டான். மூன்றாம் நாள் முதலாளி தன் பையிலிருந்து இருநூறு எடுத்து டின்மேல் வைத்தார். அக்கா உடனே ஒரு ரெசிட் எழுதி நீட்டினார்.

"என்ன இது?"

"நீங்க கம்பெனிக்குக் குடுத்த கடன்."

"என் கம்பெனிக்கு நானே கடன் குடுக்கிறேனா?"

"ஆமா பாஸ். மீன கழிச்சுக்கலாமா?"

முதலாளி இருநூறையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் குமார் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாஸ், ஃபோர்க்லிப்ட்காரன் ரொக்கம் கேக்கிறான். லோரி கேட்ல நிக்குது. என் பையில நாலு ரிங்கிட்தான் இருக்கு. அக்காவ லிஸ்ட்ல ஏத்திடுங்க லா. ஒரு டின்னுக்காக நான் எத்தன நாளு சொந்தக் காசு போடறது?"

இருபது ரிங்கிட் பிடிபட்டவன் பேசியது இது. நான் அவனிடம் கேட்கவில்லை. அவனாகப் பேசினான்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒங்க ரெண்டு பேரையும் நிறுத்திட்டா?"

"நிறுத்துங்க" என்றார் அக்கா. "எனக்கு ஒரு லெட்டர் போதும். அக்காவுக்கும் ஒரு லெட்டர் வேணும். இன்ன தேதியிலேருந்து ஒம்பது வருஷம் வேல செஞ்சாங்கன்னு எழுதணும். பிளீச்சுக்கு லெட்டர் எழுத முடியாது இல்லையா? நானே டைப் பண்றேன். நீங்க ஒப்பம் போடுங்க."

டைப் செய்யக் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நான் ஒன்பது வருடம் அவருடைய ஊழியர் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். முதலாளிக்கு அது புரிந்தது. எனக்கும் புரிந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போட்டுத் தொல" என்றார்.

"அடுத்த மாசம் இல்ல பாஸ். இந்த மாசம்."

"சரி. ஆனா பழைய வருஷத்தப் பத்தி யாரும் வாயத் தெறக்கக் கூடாது."

"நான் தெறப்பேன் பாஸ். இன்னைக்கு இல்ல."

உடனே அக்கா புதிதாக ஒரு வவுச்சர் எழுதினார். சம்பளம் என்று. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். செக் தயாரானது. நான் போய்ச் சீனியும் கோப்பித்தூளும் வாங்கி வந்தேன். ரெசிட்டை நீட்டினேன்.

"இது என்ன?" என்றார்.

சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து முதலாளியின் அண்ணன் மகன் கணக்குப் படிப்பு முடித்து வந்தான். அக்காவிடம் வேலையை அவனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். காரணம் கடிதத்தில் ஆள் குறைப்பு என்று இருந்தது. அவர் படித்துப் பார்த்தார்.

"ஒரு ஆள் போறேன், ஒரு ஆள் வரான். இதுல எங்க குறையுது? காரணத்த மாத்திக் குடுங்க பாஸ், வாங்கிக்கிறேன்."

இரண்டு நாள் வாங்கவே இல்லை. மாற்றிக் கொடுத்தார்கள். என்னவென்று மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் சிரித்தபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

கடைசி நாள் ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்தேன். வழியில் ஒரு கடையில் அவர் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

"இது எந்தக் கணக்கு?" என்றேன்.

"வாய மூடிட்டுக் குடிங்க அக்கா."

ரயில் வந்தது. ஏறும்போது திரும்பினார்.

"மாசா மாசம் பாருங்க. கட்டுறாங்களான்னு பாருங்க. யாரையும் நம்பாதீங்க. என்னையும்தான். நானே ரெண்டு வருஷம் தப்பா போட்டவ."

அவர் போன வாரமே சண்ட்ரி திரும்ப வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் பத்தும் அதில்தான். புதிதாக வந்த தம்பி எதையும் கேட்பதில்லை. நான் ரெசிட் வைத்தால் பார்க்காமலே தட்டிவிடுவான். முதல் மாதம் அவன் ஒரு காகிதத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். வாங்கிப் படித்தேன். எழுத்துக் கூட்ட நேரமாகும். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்கட்டும். முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆனாலும் பயம் இருந்தது. சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் பாதி போனதும் மகளிடம் கேட்டேன். அவள் போனில் என் சேமநிதிக் கணக்கைத் திறந்தாள். என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மாத வாரியாக வரிசை.

"அக்கா இருந்த மாசம் எல்லாம் இருக்கும்மா" என்றாள்.

"அது இருக்கும். அவங்க போனதுக்கு அடுத்த மாசத்தப் பாரு."

விரலால் தள்ளினாள். கொஞ்சம் சுற்றியது. நின்றது.

முந்நூற்று அறுபது ரிங்கிட்.